அருவித் தண்ணியைக் குடிக்கலாமா?

சீசன் வந்தால் குடும்பத்தோடு குற்றாலம் கிளம்பிவிடுகிறோம். பேரருவியில் நனையும்போது வாயைத் திறக்காத குழந்தை உண்டா? "மூலிகைத் தண்ணிதானே, குடிக்கட்டும்!" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். போதாததற்குப் பாட்டிலிலும் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூலிகை இருக்கட்டும். காட்டு விலங்குகளின் கழிவையும் சேர்த்துக் கழுவிக்கொண்டுதானே மழைத்தண்ணீர் இறங்குகிறது? கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதாது. சாட்சி சொல்ல வேண்டியது லேப்!

கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுபோய், மெக்கான்கி திரவம் உள்ள குழாய்களில் விடுவார்கள். 37 டிகிரி சூட்டில் 48 மணி நேரத்துக்குள் ஊதா நிறம் மஞ்சளாகி வாயுவும் சேர்ந்தால், கோலிஃபார்ம் இருக்கலாம். அடுத்த சோதனையில் ஈ.கோலி உறுதியானால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியில் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள்காமாலைக் கிருமிகளும் வரலாம்.

குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மொத்தக் கோலிஃபார்ம் 500 வரை அனுமதிக்கிறது. ஆக, குளிக்கத் தகுந்த தண்ணீர் எல்லாம் குடிக்கத் தகுந்ததல்ல.

வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள், நல்லது. கிருமிக்கு? குளியல் நீரின் தரத்தை அந்த இடத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே உத்தரவு போட்டுவிட்டது. நம் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் சீசனில் வாரம் ஒருமுறை சோதித்து, போர்டில் எழுதினால் என்ன?

அதுவரை ஆசை தீரக் குளியுங்கள்... வாயை மூடிக்கொண்டு! குடிக்க, கொதித்து ஆறிய தண்ணீர் கையில் இருக்கட்டும்.