குத்துவிளக்கு காணாது

யாழ்ப்பாணத்தில கிறிஸ்தவ இறையியலைத் தமிழ்ப் பண்பாட்டுக்குள்ள கொண்டுவாறது பற்றி ஆர் கதைச்சாலும், கதை கடைசியில குத்துவிளக்கு, நாதஸ்வரம், பரதநாட்டியத்திலதான் போய் நிற்கும். எங்கட கேள்வி வேறை: பந்தியில ஆருக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்?

மொழியும் கலையும் எப்பவோ வந்துசேர்ந்துவிட்டன. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது கூட இருந்து உழைச்சவர் ஆறுமுக நாவலர். 1850இல் அது அச்சானது. நீ. மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இயேசுவின் பாடுகளை மேடையேற்றியது. இதுக்கு மேல என்ன தமிழ் வேணும்?

ஆனால் பத்திரிகையில 'மணமகள் தேவை' பகுதியைப் பாருங்கோ. மதத்துக்குப் பக்கத்திலேயே சாதியும் இருக்கும். ஞாயிறு காலமை ஒரே அப்பத்தில பங்கு; பின்னேரம் தரகரிட்ட, "அவை என்ன ஆக்கள்?" அயலில இருக்கிற சைவச் சனம் எங்களிட்டக் காணுற இறையியல் இதுதான்.

"அது கலாசாரம், அதைச் சுவிசேஷத்தோட குழப்பாதேங்கோ" எண்டுவினம். அந்தியோகியாவில யூதரல்லாதவர்களோட சேர்ந்து சாப்பிட்ட பேதுரு, எருசலேமிலிருந்து ஆக்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அதைச் சின்ன விஷயம் எண்டு விடேல்லை. எல்லாருக்கும் முன்னால முகத்துக்கு நேரே கண்டிச்சார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கோ: சேர்ந்து சாப்பிட மறுக்கிறதே அங்க நற்செய்திக்கு விரோதம்.

இதை நடைமுறையில காட்டினவை எங்கட மண்ணிலேயே இருந்தவை. 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் தொடங்கின மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸாகி, பள்ளிக்கூடங்களில சம ஆசனமும் சம போசனமும் கேட்டது. சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து கேட்டவை. கிறிஸ்தவரான ஹன்டி பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார். அவர் ஆரையும் மதம் மாற்றப் போகேல்லை. ஆனால் எல்லாப் பிள்ளையளும் ஒரே வாங்கில இருக்கவேணும் எண்ட அந்தக் கோரிக்கையில இருந்த நற்செய்தி எங்கட எத்தினை பிரசங்கங்களில இருக்கு?

பண்பாட்டோட பேசுறதெண்டால், அதில வடிவானதை எடுத்துப் பீடத்தில வைக்கிறது மட்டுமில்லை. அதில கேடானதை, கேடு எண்டு சொல்லவும் வேணும்.

குருமாரிட்டயும் போதகர்மாரிட்டயும் ஒண்டு கேக்கிறம்: சாதி பார்த்துப் பொருத்தின கலியாணத்தில, அந்தப் பிரசங்கத்திலேயே அதைப் பாவம் எண்டு சொல்ல உங்களில எத்தினை பேர் தயார்? அதுக்குப் பதில் வரட்டும். குத்துவிளக்கைப் பற்றிப் பிறகு கதைப்பம்.