அம்பாசிடர் உறுமலாம், ஆளைக் கொல்லலாமா?

புதுப்பேட்டையில் பழைய அம்பாசிடர் பாகங்களுக்கு இன்றும் மவுசு உண்டு. 2014-ம் ஆண்டோடு அந்தக் காரின் உற்பத்தி நின்று போனது. ஆனால் வைத்திருப்பவர்கள் அதை விடுவதாக இல்லை. பெயிண்ட் அடிக்கிறார்கள், சீட் தைக்கிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. "ஹெட்டர் மாட்டிடலாம் சார், வண்டி பறக்கும்" என்ற பேச்சுக்கு மயங்கி என்ஜினிலும் கை வைக்கிறார்கள்.

வண்டி பறக்கிறதா? பறப்பது பணம்தான்.

என்ஜினில் புகை வெளியேறும் இடத்தில் கனமான வார்ப்பு இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். அதற்கு மேனிபோல்டு என்று பெயர். அதைக் கழற்றி விட்டு மாட்டுகிற தனித்தனி எஃகுக் குழாய்கள்தான் ஹெட்டர். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றோடு முட்டிக் கொள்ளாமல் தனி வழியில் போய், சற்றுத் தள்ளி ஒன்று சேரும். முன்னால் போகிற புகை பின்னால் வருவதையும் இழுத்துக் கொண்டு போகும். தத்துவம் சரிதான். பந்தயக் கார்களில் பலனும் உண்டு.

அம்பாசிடர் கதை வேறு. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது. சிலிண்டர் நான்கு, புகை வாசலோ மூன்றுதான். நடு இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாசல். இதற்கு நாலு குழாய் ஹெட்டர் என்று யாராவது விலை பேசினால் அங்கேயே எழுந்து வந்து விடலாம். தவிர, ஹெட்டரின் பலன் என்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் தெரியும். மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் இரண்டாவது கியரிலே ஊர்கிற வண்டிக்கு எதற்கு அது?

உயிருக்கே உலை

பணம் போனால் போகட்டும். இந்த என்ஜினில் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகிற குழாயும், புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. சில ஸ்டட்டுகள் இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. ஹெட்டரின் பட்டை ஒரு கனம், பழைய பட்டை ஒரு கனம் என்று இருந்தால் வாஷர் ஒரு பக்கம்தான் கடிக்கும். மறுபக்கம் புகை கசியும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டி என்றால் நேரே உள்ளே வரும். பின் சீட்டில் மயங்கிக் கிடக்கிற குழந்தையை, தூங்குகிறது என்றே எல்லோரும் நினைத்துக் கொண்டிருப்பார்கள்.

மேலே கார்புரேட்டர், கீழே கொதிக்கிற குழாய். நடுவில் தகடு வைக்காமல் விடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

இரும்பு விரிசல் விட்டு, வேறு வழியில்லாமல் மாட்டுகிறவர்கள் வண்டியைப் பட்டறையில் விட்டு விட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பழைய நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப் போட வேண்டும். அவசரப்பட்டு ஸ்பானரைப் போட்டால் ஸ்டட் உள்ளேயே முறிந்து விடும். அப்புறம் லேத் பட்டறைக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். கேஸ்கட் புதிதாக இருக்க வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். என்ஜின் ஒரு தடவை சூடாகி ஆறிய பிறகு மறுபடியும் முறுக்க வேண்டும். "அதெல்லாம் வேணாம் சார்" என்று பட்டறையில் தட்டிக் கழிப்பது இந்தக் கடைசி வேலையைத்தான். கசிவு வருவதும் அதனால்தான்.

சத்தத்துக்காகவே சைலன்சரையும் சேர்த்துக் கழற்றி, ராத்திரி தெருவையே எழுப்புகிறவர்களுக்கு இரக்கம் காட்டத் தேவையில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு ரூ.5 ஆயிரம் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். போலீசார் பிடித்த பிறகு "மெக்கானிக்தான் மாட்டினான்" என்று கைகாட்டிப் பயனில்லை.

இன்னொன்று. 50 வயதைத் தாண்டிய கார்களை அரும்பழம் வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. என்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்கிறது அது. கழற்றின இரும்பு மேனிபோல்டை எடைக்குப் போட்டவர்கள், அன்றைக்கு அதையே தேடிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டி வரும்.