ரெரா எண் எதற்குச் சான்று?

கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்தில், விதுரா, கல்லாறு பக்கம் இடம் தேடுவோரிடம் அடிக்கடி சொல்லப்படுவது: "புரோக்கர் ரெராவில் பதிந்தவர், தைரியமாக அட்வான்ஸ் கொடுங்கள்." இந்தத் தைரியத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

பதிந்த முகவர் அரசே சோதித்துத் தேர்ந்தெடுத்தவர் என்கிறார்கள். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 9ஆம் பிரிவில், முகவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. பயிற்சியையும் தேர்வையும் மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2023இல் தானாகக் கட்டாயமாக்கியது. சட்டமே அதைக் கேட்டிருந்தால் தனி உத்தரவு எதற்கு?

எந்த நிலத்துக்கும் அந்த எண் காவல் என்பது அதைவிடப் பெரிய பிழை. பதிவு செய்யவேண்டிய திட்டங்களில் நடக்கும் விற்பனைக்காக வந்த ஏற்பாடு அது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் போன்றவை அதில் வரும். ஒருவர் தன் பழைய வீட்டையோ ரப்பர் தோட்டத்தையோ அப்படியே விற்பது வராது. மலையடிவாரத்தில் கைமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

அங்கே உண்மையான சிக்கல் வேறு. தேயிலைத் தோட்டங்களுக்கு 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. தோட்டத்தைத் துண்டுபோட்டு வேறு வேலைக்குத் திருப்பினால் அந்த விலக்கு ஆட்டம் காணும். சூழல் நலிந்த நிலங்களை அரசுடைமையாக்கும் 2003ஆம் ஆண்டின் சட்டமோ, 2000 ஜூன் 2 முதலே அமலுக்கு வந்ததாகக் கருதப்படுவது. பொன்முடியின் மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்காக நிலம் வாங்கப்பட்டபோது, அந்த நிலம் இந்தச் சட்டத்துக்குள் வருவது என்று 2008இல் பெரும் சர்ச்சை எழுந்தது. கழகம் இன்று வலியமலையில் இருக்கிறது. மத்திய அரசின் விண்வெளித் துறைக்கே இந்தக் கதி என்றால், சேமிப்பைக் கொண்டுவரும் ஓய்வூதியக்காரருக்கு ஒரு முகவரின் எண் எப்படி அரணாகும்?

விசிட்டிங் கார்டில் 'ரியல்டர்' என்று இருந்தால் கூடுதல் மரியாதை கிடைக்கிறது. அமெரிக்காவில் அது ஒரு முகவர் சங்கத்தின் வணிகக்குறி, உறுப்பினர்களுக்கான அடையாளம். கேரள நிலச் சட்டத்தில் கார்டு வைத்திருப்பவருக்கு உள்ள அறிவை அது காட்டாது.

பதிவே வீண் என்று நான் சொல்லவில்லை. பதிந்த முகவர் கணக்கு வைக்க வேண்டும், பொய் விளம்பரம் செய்யக்கூடாது. மீறினால் முறையிட ஓர் ஆணையம் உண்டு. திட்ட வீடுகளைப் பதிவின்றி விற்றுத் தருபவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். இது முகவரின் நடத்தைக்கான கட்டுப்பாடு. நிலம் யாருடையது என்பதை மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கிராம அலுவலகப் பதிவு, வனத்துறையின் எழுத்துபூர்வமான பதில் ஆகியவற்றில்தான் பார்க்க வேண்டும். வரி ரசீது மட்டும் போதாது. பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படிக்க நெடுமங்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ, விற்பவருக்கும் முகவருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு வக்கீலை அட்வான்ஸுக்கு முன்பே அமர்த்துங்கள்.