சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்



அக்குறணை, மாவனல்லை, கம்பளைப் பக்கத்தில் குடியிருப்போருக்கு வளவு என்றால் சரிவுதான். கத்தரிப் பாத்தி போட்ட மண் ஒரு பெருமழையோடு வாசலுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து செங்கல்லால் ஒரு சிறிய அணைச்சுவர் கட்டலாமா என்று சிலர் கேட்கின்றார்கள். இரண்டரை அடிக்கு மேற்படாத சுவர் என்றால், அதற்கு மேலே வீடோ பாதையோ இல்லையென்றால், தாராளமாகக் கட்டலாம்.

மௌலவிக்குச் சீமெந்தில் என்ன வேலை என்று எண்ணுவீர்கள். மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஷாபிஈ பிக்ஹு நூல்களில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ உட்பட, ‘ஸுல்ஹ்’ என்னும் பாடத்திலே அயலவர் இருவருக்கு இடையிலுள்ள சுவரின் சட்டங்கள் வருகின்றன. சுவர் அந்தளவுக்குச் சண்டை மூட்டக்கூடிய பொருள்!

இத்தகைய சுவர்கள் பெரும்பாலும் சரிவது கல் மோசமென்பதால் அல்ல, பின்னால் தேங்கும் தண்ணீரால். இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறைந்து நின்றால், பத்தடி நீளச் சுவரை ஏறக்குறைய 880 கிலோ பாரத்தோடு அது தள்ளும். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்கு. ஐந்தடிச் சுவரில் வீட்டார் கைவைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மழையில்லாத நாட்களில் தொடங்குங்கள். அத்திவாரத்தை இரண்டடி அகலத்தில், இறுகிய மண் வரும்வரை, குறைந்தது ஓரடி ஆழம் வெட்டுங்கள். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், ஆறு பங்கு சல்லிக்கல் கலந்து ஆறு அங்குலத்துக்குக் கொங்கிறீட்டுப் போடுங்கள். செங்கல்லை முதலில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாந்து ஒன்றுக்கு நான்கு. ஒன்றரை அடி உயரத்துக்கு 9 அங்குலத் தடிப்புப் போதும். அதைவிட உயர்ந்தால் 13½ அங்குலம் வேண்டும். நாலரை அங்குலச் சுவரை மேசன் பாஸ் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

முன்பக்க நிலமட்டத்துக்குச் சற்று மேலே, நாலடிக்கு ஒன்றாக, இரண்டு அங்குல பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வைத்துக் கட்டுங்கள். சிலர் அழகு கெடும் என்று இதை விட்டுவிடுகின்றார்கள். அழகான சுவர் ஒரே மாரியில் வயிறு தள்ளிவிடும். சுவரின் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல்லும், அதற்கும் மண்ணுக்கும் இடையில் தும்புப் பாயும் இருந்தால் குழாய் அடைபடாது.

குழாயால் வரும் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக் குசினிப்படிக்கா? சுவரின் முன்னால் உங்கள் காணிக்குள்ளேயே ஒரு சிறு கான் வெட்டி அதை வடிகானில் சேருங்கள். அத்திவாரமும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. அயலவரின் ஹக்கு மண்ணுக்கு அடியிலும் உண்டு. மண்வெட்டியை எடுக்கு முன்பே அந்த வீட்டுத் தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது போன்ற அனர்த்தத்தை எந்தச் செங்கல் சுவரும் தடுக்காது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீர் ஊற்று கண்டால் சுவரை மறந்துவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

கட்டியபின் ஏழு நாட்கள் சாக்குப் போட்டு நனையுங்கள். பின்பு ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக மண் போட்டு இடியுங்கள். ஒரே நாளில் கொட்ட வேண்டாம். மண் நிரப்பு முன் சல்லிக்கல் மேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களிலும் சொட்டுகின்றதா என்று பார்ப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம். அவர்கள் ஒன்றையும் தவறவிட மாட்டார்கள்.