நளன் இரண்டாம் முறை ஆடியதை ஏன் மறைக்கிறோம்?

2025 ஆகஸ்ட் கடைசியில், சாரல் விடைபெற மனமில்லாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், குற்றாலத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். தென்காசிப் பாண்டியர் வளர்த்த தமிழ் என்பது பொருள். எனக்கு முன்னால் பேசியவர் அதிவீரராம பாண்டியனின் நைடதத்தை எடுத்துக்கொண்டார். நளன் சூதாடினான், நாடிழந்தான், காடடைந்தான் என்று காப்பியத்தை மூன்று வினைமுற்றுகளில் முடித்தார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் அப்போதுதான் நிறைவேற்றியிருந்தது. தென்காசி மன்னன் அன்றே சொன்னதைத் தில்லி இன்று செய்திருக்கிறது என்று அவர் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் நின்றபோது பழைய மாணவன் ஒருவன் அருகே வந்தான். கணிதம் படித்தவன், என்னிடம் பகுதி ஒன்றில் தமிழ் கேட்டவன். தயங்கித் தயங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, நளன் போன நாட்டை எப்படித் திரும்ப வாங்கினான்?"

நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "சூதாடித்தானே ஐயா?"

இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் போக்கர் போட்டிகளில் ஒரு வயலின் விலையை இழந்தவன் என்பது பிறகு தெரிந்தது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அது அவனுக்கு மட்டும் உரிய பதிலன்று. மேடையில் முழங்கியவருக்கும், கைதட்டிய எனக்கும், நம்மைப் போன்ற தமிழாசிரியர் கூட்டம் முழுமைக்கும் உரியது.

*

"நைடதம் புலவர்க்கு ஔடதம்" என்ற சொலவடையைப் பாடம் நடத்தும்போது தவறாமல் சொல்கிறோம். மருந்தில் பாதியை மட்டும் ஊட்டிவிட்டு மீதியைக் கொட்டிவிடுகிறோம் என்பதைச் சொல்வதில்லை. புகழேந்தி தம் நளவெண்பாவை மூன்று காண்டமாகப் பகுத்தார். மூன்றாவதன் பெயரே கலிநீங்கு காண்டம். கலி எப்படி நீங்கியது?

மகாபாரதம் சொல்லும் முறையில் பாருங்கள். வாகுகன் என்ற பெயரில் ஒளிந்து வாழும் நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டிக்கொண்டு குண்டினபுரம் விரைகிறான். வழியில் ஒரு தான்றி மரம். ஓடும் தேரிலிருந்தே அதன் இலைகளும் காய்களும் இத்தனை என்கிறான் மன்னன். நளன் தேரை நிறுத்துகிறான். நேரமாகிறது என்று மன்னன் பதறுகிறான். நளன் விடவில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து, எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. குதிரை நூலைக் கொடுத்து, கவறாட்டத்தின் மருமத்தைப் பெற்றுக்கொள்கிறான். அந்தக் கணமே கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறது. பக்தியாலோ சாப விமோசனத்தாலோ நீங்காத கலி, எண்ணக் கற்றதால் நீங்குகிறது.

தான்றி தற்செயலாக அங்கே நிற்கும் மரமன்று. பழங்காலத்தில் அதன் காய்களே கவறுகள். ஒரு கிளையைப் பார்த்து முழு மரத்தை மதிப்பிடும் வித்தையும் சூதாட்டமும் ஒரே மரத்தடியில் வைத்துச் சொல்லப்படுவதை, நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975இல் வெளிவந்த தம் நூலில் கவனித்துக் குறித்திருக்கிறார். கனடாக்காரர் ஒருவர் கண்ணில் பட்டது, நைடதம் பிறந்த ஊரில் பாடம் நடத்தும் நம் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு நளன் செய்தது இன்னும் முக்கியம். உடனே ஓடிப்போய் ஆடவில்லை. மனைவியோடு ஒரு மாதம் தங்குகிறான். பிறகு புட்கரனிடம் சென்று, கவறா போரா என்று கேட்டு, உள்ளதனைத்தையும் தமயந்தி உட்பட ஒரே வீச்சில் வைத்து வெல்கிறான். தம்பியை மன்னித்துவிட்டு எழுந்துவிடுகிறான். முதல் ஆட்டமோ பல மாதங்கள் நீடித்தது. குடிகள் வாயிலில் வந்து நின்றார்கள், தமயந்தி மன்றாடினாள், அவன் தலை நிமிரவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் பாடநூல் உரைகள் தலைகீழாகும். மாதக்கணக்கில் ஆடியது பொறுமையன்று, எழுந்திருக்க முடியாமை. அனைத்தையும் ஒரே வீச்சில் வைத்தது மூர்க்கமன்று. கணக்கு முடிந்த பின் வந்த துணிவு.

*

இப்போது போக்கருக்கு வருகிறேன். தமிழ்ப் பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள், தருமன் சூதாடிய சருக்கத்தை எந்தத் தகுதியில் நடத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். ஆட்டம் தெரியாமல் ஆட்டத்தின் கேட்டைப் பேசுவது, நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று ஆழம் சொல்வதைப் போன்றது.

போக்கர் போட்டியில் எல்லோரும் ஒரே நுழைவுக்கட்டணம் கட்டி, ஒரே அளவு வில்லைகளோடு அமர்கிறார்கள். வில்லை தீர்ந்தவர் வெளியேற வேண்டும். கைக்கு இரண்டு சீட்டு. ஆட்டக்காரர்கள் ஏங்கும் இரட்டை ஏஸ் சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும். வந்தாலும் ஒரே ஓர் எதிராளியிடம் நூற்றுக்குச் சுமார் 15 முறை தோற்கும். எனவே தேர்ந்தவர் பெரும்பாலான கைகளை மடக்கிவைத்துக் காத்திருக்கிறார். இது பொறுமைப் பாதி.

ஆனால் காத்திருப்பது இலவசமன்று. சுற்றுக்கு ஒரு முறை, பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தை ஒவ்வொருவரும் வைத்தாக வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு முறை அது உயர்ந்துகொண்டே போகும். நல்ல சீட்டு வரட்டும் என்று கைகட்டி இருப்பவன் வட்டியால் கரையும் கடன்காரனைப் போலக் கரைவான். கையிருப்பை ஒரு சுற்றின் கட்டாயச் செலவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை 'எம்' என்கிறார்கள். பால் மேக்ரியல் என்ற ஆட்டக்காரரின் பெயரால் வந்த அளவு இது. 2004இல் டான் ஹாரிங்டன் எழுதத் தொடங்கிய நூல்வரிசையால் பரவியது. எண் இருபதுக்கு மேலிருந்தால் நிதானமாக ஆடலாம். குறையக் குறையச் சுமாரான சீட்டிலும் துணிய வேண்டும். ஐந்துக்கு வந்துவிட்டால் மடக்குவது அல்லது மொத்தத்தையும் வைப்பது, வேறு வழியில்லை.

இன்னொரு நுட்பத்தை டேவிட் ஸ்க்லான்ஸ்கி எழுதினார். முதலில் பந்தயத்தை உயர்த்துவதற்குத் தேவையான சீட்டைவிட, பிறர் உயர்த்தியதை ஏற்பதற்கு இன்னும் நல்ல சீட்டு வேண்டும். காரணம் எளிது. உயர்த்துபவனுக்கு வெல்ல இரண்டு வழிகள்: எதிராளி அஞ்சி மடக்கலாம், அல்லது சீட்டே வெல்லலாம். ஏற்பவனுக்குச் சீட்டு ஒன்றே துணை.

இந்த விதியைத் தருமன்மேல் வைத்துப் பாருங்கள். அத்தினபுரியில் அவன் ஏற்பவனாகவே அமர்ந்தான். அழைப்பை ஏற்றான், சகுனியை ஏற்றான், தோற்றபின் வந்த மறு அழைப்பையும் ஏற்றான். அதைப் பொறுமை என்றும் அறம் என்றும் பட்டிமன்றங்களில் பாராட்டுகிறோம். அவனிடம் பொறுமையும் இல்லை, துணிவும் இல்லை, இருந்தது இணக்கம். வனத்தில் பிருகதசுவ முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்லி, கூடவே கவறாட்டத்தின் மருமத்தையும் கற்பித்துவிட்டுப் போகிறார். சூதாடிக் கெட்டவனிடம் 'ஆடாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தாத முனிவர் அவர். நாம் ஏன் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம்?

*

இதுவரை படித்துவிட்டு, இவன் சூதுக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது நினைத்திருந்தால் பொறுத்தருளவும். என் சினத்தில் பெரும்பங்கு அவர்களுக்கென்றே வைத்திருக்கிறேன்.

ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ள வேண்டும், எனவே அது பெரிதும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தில் இணைய நிறுவனங்கள் வளர்ந்தன. தமிழக அரசின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. அடுத்து வந்த சட்டம் 2023 நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று தீர்ப்பானது. ஒவ்வொரு முறையும் வாதம் ஒன்றே: இது திறமை.

திறமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறமை எதனால் ஆனது? மடக்குவதால், காத்திருப்பதால், எண்ணுவதால், எழுந்துபோவதால் ஆனது. அதற்கு வேண்டியது காலம். லாஸ் வேகாஸில் 1970 முதல் நடக்கும் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் கட்டாயப் பந்தயம் உயர இரண்டு மணி நேரம் ஆகும். கைப்பேசியின் 'டர்போ' போட்டிகளில் அது சில நிமிடங்களில் உயரும். ஒரு சுற்றுக்கூடக் காத்திருக்க விடாமல் விரட்டும் ஆட்டத்தில் கணக்கின் பங்கு சுருங்கும், கவறின் பங்கு பெருகும். தோற்ற மறுநொடியே அடுத்த போட்டி திரையில் தயார். நீதிமன்றத்தில் பொறுமையைக் காட்டி வென்றவர்கள், கடையில் விற்றது அவசரத்தை.

என் மாணவனின் கதை இதற்குச் சான்று. மேலே நான் எழுதிய கணக்கில் பாதி அவன் சொல்லிக்கொடுத்தது. "முதல் ரெண்டு மணி நேரம் புஸ்தகத்துல உள்ளபடியே ஆடுவேன் ஐயா. நல்ல சீட்டு வெச்சுத் தோத்த பிறகு ஆடுறது நானில்லை" என்றான். ஆட்டக்காரர்கள் இந்நிலையை 'டில்ட்' என்கிறார்கள். நம் காப்பியம் கலி புகுதல் என்கிறது. ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் நளனுக்கு ஒரு காடும் ஒரு பாம்பும் ஒரு தேர்ப்பயணமும் இருந்தன. இவனுக்கு ஒரு பொத்தான் இருந்தது.

நம் சட்டங்களில் இந்த இடத்தில் சரியாகக் கை வைத்தது ஒன்றுதான் என்பேன். நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆட முடியாதபடி தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025இல் விதி செய்தது. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற தலைமுறைக் கால வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கடிகாரம் யார் கையில் என்று கேட்ட விதி அது. இரண்டே மாதங்களில் நாடாளுமன்றத்தின் முழுத் தடை வந்து, அந்தக் கேள்வியைப் பேசவிடாமல் செய்துவிட்டது.

*

தடைக்காக நான் அழவில்லை. அவன் வீட்டைப் பார்த்த பிறகு அழ முடியாது. ஆனால் தடைக்குக் கைதட்டியதோடு நம் வேலை தீர்ந்தது என்று நம்பும் மனநிலையை எதிர்க்கிறேன். வெளிநாட்டுத் தளங்கள் எங்கும் போய்விடவில்லை. பங்குச்சந்தையின் ஒருநாள் வணிகத்தில் இதே பொத்தான், இதே நள்ளிரவு மனம். சூது தீது என்ற எதுகையை மட்டும் கையில் கொடுத்து மாணவனை அங்கே அனுப்புகிறோம். எண்ணும் வித்தையைக் கணிதத் துறைக்கும் எச்சரிக்கையைத் தமிழ்த் துறைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். ஒரே மரத்தடியில் இரண்டையும் வைத்த கதை நம் கையில் இருந்தும்!

பொறுமையும் சீற்றமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குத் தென்காசிக்காரனுக்கு உவமை தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழிவில் விழுந்து, வேகம் தணிந்து, நிரம்பிய பிறகே வழிந்து இறங்குகிறது. அதனால்தான் அதன் அடியில் மனிதன் நிற்க முடிகிறது. வெள்ளம் மீறினால் காவலர் ஊதல் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார். அருவியில் குளிப்பது திறமையா அதிர்ஷ்டமா என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. தண்ணீரின் வரத்தைப் பார்க்கிறார்.

மறுநாள் அந்த மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஆமாம் தம்பி, சூதாடித்தான் வாங்கினான். ஆனால் இரண்டாம் முறை அவன் ஒரே ஒரு தடவைதான் ஆடினான். அதற்கு முன்னால் தேரை நிறுத்தி எண்ணினான்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பிறகு, "இதை அப்பவே வகுப்புல சொல்லியிருக்கலாம் ஐயா" என்றான்.

சொல்லியிருக்கலாம். தென்காசியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் தான்றிக்காய் ஒரு கைப்பிடி வாங்கி வைத்திருக்கிறேன். திரிபலாவுக்குத்தானே என்று கேட்டார் கடைக்காரர். அடுத்த பருவத்தில் நளன் கதையை அந்தக் காய்களை மேசைமேல் கொட்டி, எண்ணச் சொல்லித் தொடங்குவதாக இருக்கிறேன்.