சி.பி. குழந்தைக்கு எந்தத் தெரபி? முதலில் இலக்கை எழுதுங்கள்

மூளை முடக்குவாதம் (சி.பி.) உள்ள குழந்தைக்கு எந்தத் தெரபி சரியானது என்பதுதான் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதிப் பெற்றோர் பலரின் முதல் கேள்வி. சிகிச்சையின் பெயரையோ கருவிகளின் எண்ணிக்கையையோ பார்த்து மையத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. அடுத்த மூன்று மாதத்தில் குழந்தை எதைச் செய்யப் பழக வேண்டும் என்று பெற்றோரோடு உட்கார்ந்து எழுதி, வீட்டில் பழக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்து, கெடு முடிந்ததும் பலனைச் சரிபார்க்கும் மையமே சரியான மையம்.

இதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஐயோனா நோவாக்கும் குழுவினரும் சி.பி. சிகிச்சைகளை 2013இலும் 2020இலும் தொகுத்து ஆராய்ந்து, சிக்னல் விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். குழந்தை தானே செய்து பழகும் இலக்குப் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் பச்சையில் நின்றன. 2013 தொகுப்பில் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் (அழுத்த அறையில் ஆக்சிஜன் தருவது) சிவப்பில் விழுந்தது. குழந்தை தானே பழகுவது பலன் தரக் காரணம் எளிது. இடது கை மடங்கிய குழந்தையின் விரல்களைப் பிறர் நீவிவிடும்போது மூளைக்கு வேலை குறைவு. அதே குழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, பாதி சிந்தி, மறுபடி பிடிக்கும்போதுதான் மூளை கற்கிறது.

தினமும் மையத்துக்குப் போனால்தானே முன்னேற்றம் என்று கேட்கலாம். 2009இல் 36 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மாதம் சராசரியாகப் பதினேழு பதினெட்டு முறை, ஒரு முறைக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வீட்டில் பழகியதே எட்டு வாரத்தில் பலன் தந்தது. சுமை முழுவதும் அம்மாவின் தலையில் விழாதா என்பது நியாயமான கவலை. அதனால்தான் பயிற்சி தனி வேலையாக இல்லாமல் சாப்பாடு, குளியல், சட்டை மாட்டுதல் ஆகியவற்றுக்குள் அடங்க வேண்டும்; அப்பாவும் பாட்டியும் கற்க வேண்டும். வீட்டுப் பயிற்சி மருத்துவருக்கு மாற்றும் அல்ல: சி.பி. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகும் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே கட்டாயம். ஸ்டெம் செல் சிகிச்சைக்குக் கடன் வாங்காதீர்கள். 2017 தேசிய வழிகாட்டுதலின்படி, சி.பி.க்கு அது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

தெரபிக்கு அணுக, முட்டுக்காட்டில் 2005 முதல் தேசியப் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனமும், கோட்டூர்புரத்தில் 1985இல் தொடங்கிய வித்யாசாகரும் இருக்கின்றன. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் தெரபிச் செலவுக்கும் இடமுண்டு. அரசு மையமோ தனியார் மையமோ, ஒவ்வொரு குழந்தைக்கும் இலக்குத் தாளைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று கோருகிறோம். பெற்றோரே, பணம் கட்டும் முன் கேளுங்கள்: “மூன்று மாதத்தில் என் பிள்ளை எதைத் தானாகச் செய்வான்? அதற்கு வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” இதற்குப் பதில் சொல்லாத மையத்தில் பணம் கட்டாதீர்கள்.