சுமப்பவன் எந்நாள் செலுத்துவான்?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வந்த கூத்தர்க்கு மலைவழியைச் சொல்லுகின்றான். எவ்விடத்தில் கல் உருளும், எவ்விடத்தில் பாம்பு கிடக்கும், எவ்வூரார் உணவளிப்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றான். வழி தவறி இருளில் அகப்பட்டாலும் அஞ்சற்க, மலைக்கானவர் வந்து துணை நிற்பர் என்றும் தேற்றுகின்றான். அச் செங்கண்மாவே இற்றைச் செங்கம். செங்கத்திற்கு வடபால் நெடுக எழுந்து நிற்பது சவ்வாது மலை. ஆகவே, வழிகாட்டுதலும் வழிச்செல்வாரைக் காத்தலும் இம்மலை மக்கட்குப் புதிய தொழில்கள் அல்ல. பாட்டில் ஏறும் அளவுக்குப் பழைய தொழில்கள்.

அம்மலை மக்கள் இன்று போக்குவரத்துத் தொழிலில் எவ்விடத்தில் நிற்கின்றனர்? இவ்வினாவை நம் அன்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை எழுதுகின்றேன்.

முதற்கண் ஒரு பெயர் விளக்கம். இம்மலையில் வாழ்வாருள் பெரும்பாலோர் அரசுப் பட்டியலில் 'மலையாளி' எனக் குறிக்கப்பெறும் பழங்குடியினர். சேரநாட்டு மலையாளத்தார்க்கும் இவர்கட்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி. இவர்கள் பேசுவது தமிழ். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7 இலக்கத்து 94 ஆயிரத்தவர். அவருள் மலையாளிகள் மூன்றரை இலக்கத்திற்கு மேற்பட்டோர். இந்நாட்டுப் பழங்குடியினருள் மிகப்பெருந்தொகையினர் இவர்களே. பெயரால் மலையை ஆள்பவர். நடப்பில் மலைச்சாலையில் ஓடும் ஓர் உருளியைக்கூட ஆள முடியாதவர்.

யான் மலையடி ஊரொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தமிழாசிரியனாகப் பணியாற்றி வருகின்றேன். ஆண்டுதோறும் மலைப்பிள்ளைகள் இறங்கி வந்து எம் வகுப்பில் அமர்வர். 'வளர்ந்து என்னவாக விரும்புகின்றீர்?' என்று கேட்டால், ஆண்பிள்ளைகளுள் பாதிப்பேர் தயங்காது சொல்லும் விடை 'பேருந்து ஓட்டுநர்' என்பது. மலைப்பிள்ளைக்குப் பேருந்தைவிட வியப்பான பொருள் வேறில்லை. வளைவுதோறும் ஒலியெழுப்பி ஏறிவரும் அதன் வரவை வைத்தே அவன் பொழுதை அளக்கின்றான். இத்துணை ஆண்டுகளில் அவ்வாறு விடைசொன்ன பிள்ளைகளுள் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவன் என யான் அறிந்தவன் ஒருவனே.

மற்றையோர் என் செய்கின்றனர்? மிளகு பறிக்கக் கேரளம் செல்கின்றனர். காப்பித் தோட்டத்திற்குக் கருநாடகம் செல்கின்றனர். பின்னலாடைக்குத் திருப்பூர் செல்கின்றனர். மலையில் நிற்பவர்கள் புளியும் சாமையும் பலாவும் மூட்டை கட்டிப் பிறருடைய உந்துவண்டியில் ஏற்றிவிட்டு, அம்மூட்டையின் மேல் தாமும் அமர்ந்து சந்தைக்கு இறங்குகின்றனர். விளைத்தவன் அவன், சுமந்தவன் அவன், ஏற்றியவன் அவன். வண்டியும் வாடகையும் கீழ்நாட்டாருடையவை.

இதனை வெறுங் கூலிக்கணக்கு என்று எண்ணிவிட வேண்டா. இது சாவுக்கணக்கும் ஆகும்.

2015 ஏப்பிரல் 7-ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேசாசலக் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழர் மாண்டனர். அவருள் சவ்வாது மலையினரும் மலையடி ஊரினரும் இருந்தனர். சிலர் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டவர் என்று உயிர்தப்பியோர் நாட்டு மாந்தவுரிமை ஆணையத்தின் முன் கூறினர். அம்மக்களை அங்கு ஈர்த்த தொழில் யாது? மரத்தை வெட்டுதலும், வெட்டியதைத் தோளிலும் தலையிலும் ஏற்றி இரவோடிரவாக மலை கடத்துதலும் ஆம். உந்துவண்டி புகாத காட்டில் மாந்தனே வண்டியாக்கப்பட்டான். மரத்தின் விலை எவனுக்கோ சென்றது. குண்டு இவனுக்கு வந்தது.

2022 ஏப்பிரலில், இதே மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில், புதூர்நாட்டுப் பகுதியில், கோயிலுக்குச் சென்ற மலைமக்கள் ஏறியிருந்த சரக்குச் சிற்றுந்து பள்ளத்தில் உருண்டு 11 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். ஆட்களுக்கான வண்டி இல்லாத இடத்தில் ஆட்கள் சரக்காயினர்.

2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டி ஒன்றரை அகவைப் பெண்குழந்தை இறந்தது. உடலை ஏற்றிவந்த மருத்துவ ஊர்தி சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்றதாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலை ஏறி நடந்தாள். அச்செய்தியைப் படித்துக் கண்கலங்காதார் இலர். கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு நாம் என்ன செய்தோம் என்பதே வினா.

இம்மூன்றனுள்ளும் மலைமகன் இருந்த நிலையை நோக்குமின்! ஒன்றில் சுமப்பவன், ஒன்றில் சுமை, ஒன்றில் வண்டி எட்டாத் தொலைவில் விடப்பட்டவன். செலுத்துபவனாக ஓரிடத்தும் இலன்.

கரணியம் என்னை? 'அவர்கட்கு ஊக்கம் இல்லை' என்பார் உளர். மலைச்சரிவில் ஏர் பூட்டி உழுபவனுக்கா ஊக்கமில்லை? உண்மைக் கரணியம் படிக்கட்டின் அமைப்பில் உள்ளது. ஒவ்வொரு படியாகக் காண்போம்.

கூலிக்கு வண்டி ஓட்டும் உரிமம் பெற எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று ஒன்றிய உந்துவண்டி விதிகளின் 8-ஆம் விதி கூறியது. 2019-இல்தான் அது நீக்கப்பட்டது. எம் பழைய மாணவன் ஒருவன் ஏழாம் வகுப்போடு நின்றவன். 2016-இல், இருபத்தோர் அகவையில், ஓட்டுநர் பயிற்சிக்கென்று சேர்த்த பணத்தோடு வந்தவனைச் சான்றிதழ் இல்லையென்று திருப்பிவிட்டனர். அதே கிழமை, எல்லைக்கு அப்பால் சுமை தூக்க ஆள் சேர்க்கும் தரகன் அவன் ஊருக்கு வந்தான். அவன் போவதற்கு முன் என்னிடம் சொன்ன சொல் இன்றும் என் செவியைச் சுடுகின்றது: "ஐயா, வண்டி ஓட்டறதுக்குப் படிப்பு கேக்கறாங்க. மரம் தூக்கறதுக்கு ஒருத்தரும் படிப்பு கேக்கலியே!" அவன் அண்டை மாநிலச் சிறையில் ஏழு மாதம் கிடந்து மீண்டான். மீண்டதே பேறு. ஒரு விதி மூன்றாண்டு முன்னரே நீங்கியிருந்தால் அவன் வாழ்வு வேறாகியிருக்கும்.

விதி நீங்கியபின் வழி திறந்துவிட்டதா? சிற்றளவே திறந்தது. 7500 கிலோ எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகு வண்டி உரிமத்தோடே ஓட்டலாம் என்று உச்சமுறை மன்றம் 2017-இல் தீர்ப்பளித்து, 2024-இல் அரசியலமைப்பு ஆயத்தின் வழியாக அதனை உறுதிசெய்தது. இது மலை இளைஞர்க்கு நல்ல வாயில். ஆனால் அரசுப் பேருந்து வேலைக்கு அது போதாது. பத்தாம் வகுப்பும், கனவண்டி உரிமமும், அவ்வுரிமம் பெற்றபின் பதினெட்டுத் திங்கள் ஓட்டிய பட்டறிவும் வேண்டும். மலையில் கனவண்டி வைத்திருப்பவர் யார்? எவன் தன் சரக்குந்தை மலைப்பையனிடம் பதினெட்டுத் திங்கள் நம்பிக் கொடுப்பான்? முன்பெல்லாம் சரக்குந்தில் 'கிளீனர்' என்று ஓர் உதவியாள் செல்வான். படிப்பில்லாதவனும் வண்டியின் கீழிருந்து தொழில் கற்று, இருக்கைக்கு ஏறிய ஏணி அதுவே. செலவைக் குறைக்க ஓட்டுநரை மட்டும் வைத்து வண்டி ஓட்டும் வழக்கம் பெருகிவர, அவ்வேணியும் முறிகின்றது.

மற்றோர் ஏணி நடத்துநர் வேலை. பத்தாம் வகுப்பு முடித்த மலைப்பிள்ளை கனவண்டி ஓட்டத் தெரியாதிருந்தும் நடத்துநராகலாம் என்றிருந்தது. 2025-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அறிவித்த 3274 இடங்களோ ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவரேயாகிய இடங்கள். இரண்டு உரிமமும் உடையவனே அவற்றிற்கு வரலாம். கழகத்திற்கு அது சிக்கனம். மலைப்பிள்ளைக்கு இரு கதவு இருந்த இடத்தில் ஒரு கதவு, அதுவும் உயரத்தில். பழங்குடியினர்க்குரிய நூற்றுக்கு ஒன்று என்னும் இடவொதுக்கீட்டின்படி அவ்விடங்களுள் அவர்கட்கு வருவன ஏறத்தாழ முப்பத்து மூன்று. நீலமலை முதல் சவ்வாது வரை எல்லா மலைக்கும் சேர்த்து முப்பத்து மூன்று!

இதனிடையே, நாட்டில் பயிற்சி பெற்ற ஓட்டுநர் 22 இலக்கம் பேர் குறைவாக உள்ளனர் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சரே 2025-இல் கூறினார். ஒருபுறம் ஓட்டுநர் இல்லை என்னும் கூக்குரல். மறுபுறம் ஓட்ட விரும்பியும் கற்பிப்பார் இன்றி மிளகுக் கொடி ஏறும் இளைஞர். இதனை முறையென்று எவர் சொல்வார்?

இங்கு நம் இயக்கத்தாரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். 1972 முதல் தமிழ்நாட்டரசு பேருந்துகளைத் தனியாரிடமிருந்து எடுத்துக் கழகங்கள் அமைத்தபோது நாம் மகிழ்ந்தோம். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், பட்டுக்கோட்டை அழகிரி என்னும் பெயர்கள் சாலைதோறும் ஓடின. 1997-இல் அப்பெயர்கள் நீக்கப்பட்டுப் பொதுப்பெயர் சூட்டப்பட்டபின்னும், பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், பணிமனை என்னும் சொற்கள் நிலைத்தன. அவை நம் வெற்றிகளே. மலையுச்சிச் சிற்றூரின் மூதாட்டியும் 'பேருந்து' என்கின்றாள். சொல் மலையேறிவிட்டது. அச்சொல்லைத் தூய்தாகப் பேசும் அவள் பேரன் மட்டும் அப்பேருந்தின் இருக்கையில் ஏறவில்லை. அவன் முயன்று பெறும் ஓட்டுநர் உரிம அட்டையோ ஆங்கிலத்தில் அச்சாகி வருகின்றது. சொல்லை மீட்பது பாதி வேலை. சொல்லுக்குரியவனை மீட்பது மறுபாதி. முதற்பாதியோடு நாம் களைத்து அமர்ந்துவிட்டோம்.

'மலையில் உள்ள வேலையெல்லாம் மலையார்க்கே என்று ஆணையிட்டால் என்ன?' என்று அன்பர் சிலர் கேட்பர். நல்லெண்ணமே, ஆயினும் சட்டத்தில் நில்லாது. ஆந்திரத்துப் பட்டியற் பகுதிகளில் ஆசிரியர் பணி முழுமையும் பழங்குடியினர்க்கே என்ற ஆணையை உச்சமுறை மன்றம் 2020 ஏப்பிரலில் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டிலோ அரசியலமைப்பின் ஐந்தாம் பட்டியலுட்பட்ட பகுதி என ஒன்றும் இல்லை. ஆதலின் நில்லாத ஆணையைக் கேட்டு ஏமாறுவதினும், நிற்கும் வழிகளைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

அவ்வழிகள் மூன்று. முதலாவது பயிற்சி. 1976-இல் தமிழ்நாட்டரசு நிறுவிய சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனவண்டி ஓட்டுநர் பயிற்சி அளிக்கின்றது. அதன் கிளையொன்றைப் போளூரிலோ திருப்பத்தூரிலோ அமைத்து, உண்டியும் உறையுளும் தந்து மலைப்பிள்ளைகளைப் பயிற்றுக. பயிற்சி முடித்தவரைக் கழகப் பணிமனையிலேயே பதினெட்டுத் திங்கள் பழகுநராக வைத்துக்கொள்க. 1993-இலேயே குமரி மாவட்டத்தில் ஒரு பெண் அரசுப் பேருந்து ஓட்டுநரான நாடு இது. மலைப்பெண்களையும் அப்பயிற்சியில் சேர்க்க.

இரண்டாவது உடைமை. மலைப்பகுதிகளில் பழங்குடியினர்க்கெனப் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. அவை தேனும் புளியும் கொள்முதல் செய்வதோடு நில்லாது வண்டியும் வாங்குக. 2025-இல் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டத்தில் மலைத்தடங்களின் இசைவை அவை கேட்டுப் பெறுக. பலாவை விளைத்தவனின் மகன் அப்பலாவை ஏற்றிச் செல்லின், வாடகையும் மலையிலேயே தங்கும்.

மூன்றாவது சாலை. காட்டுச் சட்டம் தடை என்று கைவிரிக்கும் அலுவலர்க்கு 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டுக. ஓர் எக்டேருக்குட்பட்ட நிலத்தில், எக்டேருக்கு 75 மரத்திற்கு மேல் வெட்டாது, ஊரவையின் பரிந்துரையோடு சாலை முதலிய ஏந்துகள் அமைக்க அது இடந்தருகின்றது. ஊரவையைக் கூட்டித் தீர்மானம் எழுதக் கற்பிப்பது எழுத்தறிந்த நம் கடன். தமிழாசிரியன் ஒருவன் ஊர்க்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

அன்பர்களே! அன்று இம்மலையின் கானவர் வழிதவறிய கூத்தர்க்குத் துணைநின்றனர். இன்று வழியின்றி நிற்பவர் அவர் வழியில் வந்தவர். அடுத்த பள்ளியாண்டின் தொடக்கத்தில் மீண்டும் அப்பிள்ளைகள் எம் வகுப்பில் அமர்வர். யானும் அதே வினாவைக் கேட்பேன். அவர்களும் 'பேருந்து ஓட்டுநர், ஐயா' என்றே கையுயர்த்துவர். அக்கைகள் சுமைமரம் தாங்கச் செல்லுமா, செலுத்துருளி பற்றச் செல்லுமா என்பது அவர்களை மட்டும் பொறுத்ததன்று. நம்மையும் பொறுத்தது.